பின்சீட்டைக் கழற்றினால் செறிவு வந்துவிடுமா?

ஒரு காரின் பெயரில் ‘ஜிடி’ என்று இருந்தால் அது ஒரு வாக்குறுதி. கிராண்ட் டூரிங்: நெடுந்தூரம் வேகமாகப் போகணும், ஆனா இடுப்பு வலிக்கக் கூடாது, பெட்டியும் வரணும், கூட இன்னும் ரெண்டு பேரும் வரணும். 2003இல் வந்த பென்ட்லி கான்டினென்டல் ஜிடி அந்த வாக்கைக் காப்பாற்றியது. அதிலிருந்து பிறந்த இரண்டு அதிவேக வடிவங்கள், வேகத்தை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டன.

2007இல் வந்தது ‘ஸ்பீட்’. அதே 6 லிட்டர், 12 சிலிண்டர், இரட்டை டர்போ இன்ஜின்தான். 560 குதிரைத்திறன் 610 ஆனது. உச்ச வேகம் மணிக்கு 326 கி.மீ. தோல் இருக்கை, பின்சீட் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

2009இல் வந்த ‘சூப்பர்ஸ்போர்ட்ஸ்’ கழித்தலின் அழகியலைக் கையில் எடுத்தது. 630 குதிரைத்திறன், 329 கி.மீ. பின்சீட் கிடையாது, அங்கே சாமான் வைக்க இடமும் குறுக்கே ஒரு கார்பன் ஃபைபர் தண்டும். முன்சீட்டுகளும் கார்பன் ஃபைபர். மொத்தம் 110 கிலோ குறைந்தது.

இந்த மயக்கம் நமக்குப் புதுசில்லை. கதையில் எதை வெட்டினாலும் அது செறிவுதான் என்று நம்புகிற ஒரு பருவம் வாசகர்களுக்கும் உண்டு, எழுதுபவர்களுக்கும் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 2350 கிலோ 2240 ஆகியிருக்கிறது. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. யானை தன் கழுத்து மணியைக் கழற்றி வைத்துவிட்டு இளைத்துவிட்டேன் என்றால் எப்படி?

சூப்பர்ஸ்போர்ட்ஸ் மட்டமான கார் என்று சொல்லவரவில்லை. 100 கி.மீ. வேகத்தை ஸ்பீட் 4.5 நொடியில் தொட்டால் இது 3.9இல் தொடுகிறது. ஆனால் அதற்கான உழைப்பு வேறிடத்தில் நடந்திருக்கிறது. முறுக்குவிசை 750 நியூட்டன் மீட்டரிலிருந்து 800 ஆனது. கியர் மாறும் நேரம் பாதியானது. முன், பின் சக்கரங்களுக்குச் சரிபாதியாகப் போன விசை 40க்கு 60 என்று பின்பக்கம் சாய்ந்தது. வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகும் பழக்கம் அதனால் குறைந்தது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத திருத்தங்கள். பின்சீட் இல்லாதது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. பாராட்டும் அதற்கே போகிறது.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை, அந்த 40:60 பங்கீட்டை எல்லா கான்டினென்டல் ஜிடிக்கும் எடுத்துக்கொண்டது. 2017இல் சூப்பர்ஸ்போர்ட்ஸ் என்ற பெயர் திரும்பி வந்தபோது 710 குதிரைத்திறன், 336 கி.மீ.; பின்சீட்டும் திரும்பி வந்துவிட்டது. வேகத்துக்கு அந்த சீட் குறுக்கே நிற்கவில்லை என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஓட்டிப் பார்க்க 2009இன் சூப்பர்ஸ்போர்ட்ஸ்தான் ஒசத்தி. ஆனா ஜிடி என்ற இரண்டு எழுத்துக்கு நியாயம் செய்தது ஸ்பீட். அதில் இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கிறது.