குறைதலும் குறைத்தலும்: உடல்நலத் தன்னுதவி நூல்களின் தமிழ்

தில்லியின் மோதி பாக் பகுதி மைய அரசு ஊழியர் குடியிருப்புகளால் அறியப்படுவது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்திவரும் பள்ளிகளுள் ஒன்றும் அங்கு உள்ளது. 2025ஆம் ஆண்டு மே மாதம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் இணைப்புப் பெற்ற பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. அன்றாடம் உண்ணத்தக்க சர்க்கரையின் அளவு, கடையில் விற்கும் தின்பண்டங்களிலும் குளிர்பானங்களிலும் உள்ள சர்க்கரை, அதனால் நேரும் கேடு, அதற்கு மாற்றான உணவுகள் ஆகியவற்றை மாணவர் பார்வையில் படுமாறு ஒரு பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 4 முதல் 10 வயதுடைய குழந்தைகள் பெறும் ஆற்றலில் 13 விழுக்காடும், 11 முதல் 18 வயதினர் பெறுவதில் 15 விழுக்காடும் சர்க்கரையிலிருந்து வருவதாகவும், பரிந்துரைக்கப்பட்ட அளவு 5 விழுக்காடே என்றும் அச்சுற்றறிக்கை கூறியது. அப்பலகையைச் ‘சர்க்கரைப் பலகை’ என்று தமிழாக்குவது எளிது. பலகையில் படித்ததை ஒரு குழந்தை வீட்டிலிருக்கும் பாட்டியிடம் தமிழில் எடுத்துச்சொல்லும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

சர்க்கரைப் பொங்கலில் வெள்ளைச் சர்க்கரை இடுவதில்லை, வெல்லமே இடப்படுகிறது. மதுரைக்குத் தெற்கே கடையில் வாங்கும் வெள்ளைப் பொருளுக்குச் ‘சீனி’ என்று பெயர். ‘சர்க்கரை’ என்றால் வெல்லத்தூளைக் குறிப்பதும் உண்டு. இலங்கைத் தமிழிலும் சீனி என்பதே வழக்கு. சென்னை வட்டாரத்து மூத்த தலைமுறை ‘அஸ்கா’ என்றது. ஒரிசாவின் கஞ்சம் மாவட்டத்து ஊர்ப்பெயரே அப்பொருளுக்குப் பெயராயிற்று. மோதி பாக்கின் சந்தையில் இக்குழப்பம் இரட்டிப்பாகிறது. இந்தியில் வெள்ளைப் பொருள் ‘சீனி’. பஞ்சாபி பேசும் அண்டை வீட்டாருக்கு அது ‘கண்ட்’. அவர்கள் ‘ஷக்கர்’ என்பது வெல்லத்தூளை. (தமிழின் கற்கண்டில் உள்ள ‘கண்டு’ அந்தக் ‘கண்ட்’டின் உறவே.) வடமொழியில் சரளைக்கல்லைக் குறித்த ஒரு சொல் பாரசீகம், அரபி வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று ‘சுகர்’ ஆகித் திரும்பிவந்து, இன்று அவ்வீடுகளில் நோயின் பெயராகவும் வழங்குகிறது: ‘அவருக்குச் சுகர்’.

இது சொல்வரலாற்றுச் சுவைக்கான செய்தி மட்டுமன்று. ‘சர்க்கரையைக் குறைக்கவும்’ என்ற தொடருக்கு மூன்று பொருள் கொள்ள இடமுண்டு. உண்ணும் வெள்ளைச் சர்க்கரையைக் குறைத்தல் ஒன்று. இனிப்பூட்டும் பொருள் அனைத்தையும் குறைத்தல் மற்றொன்று. இரத்தத்திலுள்ள குளுக்கோசைக் குறைத்தல் பிறிதொன்று. தமிழில் வெளிவரும் உடல்நல நூல்களில் மூன்றும் ஒரே பக்கத்தில் இடம் மாறி வருவதைக் காணலாம். முதற்பொருளை மட்டும் கொள்பவர் சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக்கும் தேனுக்கும் மாறுகிறார். அறிவுரையைப் பின்பற்றியதாகவே நம்புகிறார். உலக நல நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியோ, ஆலையாரும் சமைப்பவரும் உண்பவரும் சேர்க்கும் எல்லாச் சர்க்கரைகளையும், தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாக உள்ளவற்றையும் ஒருசேரக் கணக்கிடுகிறது. வெல்லத்தின் பெரும்பகுதியும் சுக்ரோசே. ஆங்கிலத்தில் அச்சொல்லின் பன்மை வடிவம் இப்பரப்பை ஓரளவு உணர்த்திவிடுகிறது. தமிழில் ‘சர்க்கரைகள்’ என்று எழுதினால் படிப்பவர் அதை அச்சுப்பிழை என்று எண்ணக்கூடும். ஆகவே இங்குச் சொல்லைப் பெயர்ப்பது போதாது. பொருளின் எல்லையையும் பெயர்க்க வேண்டும்.

நோய்ப்பெயரைப் பொறுத்தவரை ‘நீரிழிவு’, யாழ்ப்பாணத்துச் ‘சலரோகம்’, மலேசியத் தமிழரின் ‘இனிப்பு நீர்’ ஆகிய மூன்றும் ‘சர்க்கரை நோய்’ என்பதைவிடத் தெளிவானவை. உண்ணும் பொருளையும் நோயையும் ஒரே சொல்லால் குறிக்கும் நெருக்கடி அவற்றுக்கு இல்லை. பத்திரிகைத் தமிழ் எளிமை கருதித் தேர்ந்த சொல் இங்கு எளிமையைத் தரவில்லை.

‘கொழுப்பு’ என்னும் சொல்லின் நிலை இதனினும் மோசம். உணவிலுள்ள கொழுப்பு, உடலில் சேரும் கொழுப்பு, இரத்தத்தில் அளக்கப்படும் கொலஸ்டிரால், செருக்கு ஆகிய நான்கையும் அது சுமக்கிறது. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்டிரால் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை; ஆனால் எண்ணெய் முழுதும் கொழுப்பே. கொலஸ்டிராலைக் ‘கொழுப்பு’ என்று பெயர்த்தபின், எண்ணெய்ப் புட்டியின்மேல் ‘கொழுப்பு இல்லை’ என்று எழுதினால் அது பொய். மூலத்தில் அது பொய்யன்று. 2010களின் நடுவில் முகநூல் வழியாகத் தமிழரிடையே பரவிய பேலியோ உணவு முறையும், நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ என்னும் நூலும் இச்சொல்லை எதிர்த்திசையில் திருப்பின. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டச் சொன்ன அவ்வியக்கத்தாரிடையே, வசைச்சொல்லாகவும் வழங்கிவந்த ‘கொழுப்பு’ விரும்பத்தக்கதன் பெயராயிற்று. அம்முறையின் மருத்துவத் தகுதி இங்கு ஆய்வுப் பொருளன்று. மொழிபெயர்ப்பு நூல்கள் பல செய்யத் தயங்கியதை, பேச்சுத்தமிழிலேயே தொடங்கிய ஓர் இயக்கம் சில ஆண்டுகளில் செய்து முடித்தது என்பதே குறிக்கத்தக்கது.

பெயர்ச்சொற்களின் குறையைக் கலைச்சொல்லகராதி கொண்டு சீர்செய்யலாம். வினைச்சொற்களில் உள்ள சிக்கல் ஆழமானது. தமிழில் ‘குறை’ என்னும் வினை இருவகையாக நடக்கும். ‘எடை குறைந்தது’ என்பதில் வினையின் விளைவு எழுவாய்மேலேயே நிற்கிறது. ‘எடையைக் குறைத்தான்’ என்பதில் அது வேறொன்றின்மேல் செல்கிறது. கு. பரமசிவம் தம் சிகாகோ ஆய்வேட்டில் தமிழ் வினைகளின் இவ்விணைப் பாகுபாட்டை விரிவாக ஆராய்ந்தார். அது 1979இல் நூலாக வந்தது. உடலைப் பற்றித் தமிழர் பேசும் வினைகளை இவ்வளவுகோலால் அளந்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். இளைத்தான், மெலிந்தாள், பருத்தான், தடித்தான் என்பவை எல்லாம் முதல்வகை. ‘மெலித்தல்’ என்னும் இரண்டாம்வகை வடிவம் இன்று செய்யுள் விகாரம் கற்பிக்கும் இலக்கண ஆசிரியரிடம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ‘உடம்பு போட்டுவிட்டது’, ‘சதை வைத்துவிட்டது’ என்னும் வழக்குகளில் ஆளே எழுவாயாக இல்லை. பசியும் அவ்வாறே: ‘எனக்குப் பசிக்கிறது’ என்பவர் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார், பசி அவருக்கு நேர்கிறது.

தன்னுதவி நூலின் இலக்கணம் இதற்கு நேர்மாறானது. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் தன் நூலுக்கு அப்பெயரை இட்ட நான்கு ஆண்டுகளில், வில்லியம் பான்டிங் என்னும் இலண்டன் சவ அடக்கத் தொழிலர் தம் உடல் பருமன் குறைந்த வரலாற்றைச் சிறு நூலாக எழுதினார். அவர் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாயிற்று; சுவீடிய மொழியில் உணவைக் குறைத்து எடை குறைப்பதற்கு இன்றும் ‘பான்டா’ என்பதே சொல். ஒரு மனிதன் தன் உடலைச் செயப்படுபொருளாக்கிக்கொள்வது இவ்வகை நூலின் அடிப்படை. தமிழ்ப் பதிப்பாளர்கள் இந்நூல்வகைக்கு வைத்த பெயர் அதனையும் கடந்தது: ‘சுயமுன்னேற்றம்’. உதவி மறைந்து முன்னேற்றம் வந்துவிட்டது.

ஆகவே ‘பசியைக் கட்டுப்படுத்துங்கள்’, ‘எடையைக் குறைத்துக் காட்டுங்கள்’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் பிழை செய்யவில்லை. இலக்கணம் அதற்கு இடம் தருகிறது. பேச்சுவழக்கிலும் ‘உடம்பைக் குறைக்கணும்’ என்பது உண்டு. ஆனால் அவ்வழக்கிலும் ஏவலைவிட ‘வேண்டும்’ என்னும் துணைவினையே மிகுதியாக வருவது நோக்கத்தக்கது. ஏவல் வினையோடு பொறுப்பும் முழுமையாக ஏவப்படுகிறது. ‘எடை குறையவில்லை’ என்பது ஒரு செய்தி. ‘எடையைக் குறைக்கவில்லை’ என்பது ஒரு குற்றச்சாட்டு. மரபுக்கூறு, தைராய்டு, உறக்கம், உட்கொள்ளும் மருந்து, அலுவலக நேரம், வீட்டு வருவாய் ஆகிய எல்லாவற்றுக்கும் உடல் எடையில் பங்குண்டு என்று மருத்துவம் கூறும் காலத்தில், இரண்டாம் வாக்கியத்தை மட்டும் கற்பிக்கும் நூல் மருத்துவத்துக்கும் உண்மையாக இல்லை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களுள் உடல் நிறைக் குறியீட்டெண் 25ஐ எட்டியோரும் கடந்தோரும் தில்லியில் 41.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு. பத்தில் நால்வரைக் குற்றவாளியாக்கும் வாக்கியத்தை நடைச்சிக்கல் என்று மட்டும் கருத முடியாது.

‘எடை இழப்பு’ என்னும் நேர்பெயர்ப்பு இதனினும் தவறானது. தமிழில் உயிரிழப்பு, பொருளிழப்பு, வேலையிழப்பு என்று வருவன எல்லாம் கேடுகள். காசநோய் விளம்பரத்தில் எடை குறைதல் ஓர் அறிகுறி. ‘என்ன இப்படி இளைத்துப்போய்விட்டாய்’ என்று கேட்கும் தாய் வாழ்த்துக் கூறவில்லை. ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்பதில் பரிவு உண்டு. இவ்வுணர்வுகள் அறிவியலுக்கு மாறானவை என்று தள்ளிவிடலாம். ஆனால் அவற்றைத் தாண்டிச் செல்லும் வழியைச் சொல்லாத மொழிபெயர்ப்பு, படிப்பவரின் வீட்டில் தோற்கும். வாயைக் கட்டுதல், வயிற்றைக் கட்டுதல் என்னும் தொடர்களை ஆளும் நூல்களும் உண்டு. அவை தமிழில் பிள்ளைகளின் படிப்புக்கும் மகளின் திருமணத்துக்கும் பணம் சேர்த்தவர்களைப் பற்றிய தொடர்கள். அவற்றில் வறுமையின் நினைவு இருக்கிறது.

மரபில் இதற்கென ஒரு சொல் இருந்தது: பத்தியம். மோதி பாக்கின் இந்தி பேசுவோர் ‘பர்ஹேஸ்’ என்பதும் ஏறக்குறைய அதுவே. பத்தியம் மருத்துவரால் விதிக்கப்படுவது, மருந்தோடு சேர்ந்தது, ஒரு நாளில் முடிவது. அதனைக் காக்க வீட்டில் இன்னொருவர் வேண்டும். பத்தியச் சமையல் தனிச் சமையல். வாழ்நாள் முழுவதற்குமான உணவு ஒழுங்கிற்கு அச்சொல் பொருந்தாது என்ற மறுப்பு நேரியதே. ஆனால் உண்பவர் தனியாள் அல்லர் என்பதை அச்சொல் மறக்கவில்லை. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் பத்துக் குறட்பாக்களுள் ஆறு உண்ணும் முறை பற்றியவை. அங்கே அளவுகோல் முன்னுண்டது செரித்தலே, எடையன்று. ‘உண்க’ என்னும் வியங்கோளில் அதிகாரமும் வாழ்த்தும் கலந்திருக்கின்றன. இன்றைய அறிக்கைத் தமிழின் ‘உண்ணவும்’ என்பதில் இரண்டும் இல்லை.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் 2024 மே மாதம் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டு நெறிகளைத் தமிழாக்க முனைபவர் இவ்விடத்தில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். 2000 கிலோ கலோரி கொண்ட ஒரு நாள் உணவுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், எண்ணெயும் நெய்யும் 27 கிராம் என்று அதன் தட்டு வகுக்கப்பட்டுள்ளது. அரசுக் குடியிருப்பின் அடுக்களையில் 27 கிராம் எண்ணெயை எவரும் நிறுப்பதில்லை. எண்ணெய் மாதக் கணக்கில் வாங்கப்படுகிறது. ஐவருக்கு ஒரே வாணலியில் தாளிக்கப்படுகிறது. 27 கிராமை ஒருவருக்கு மாதம் ஏறக்குறைய 900 மில்லி லிட்டர் என்று மாற்றி எழுதினால், அவ்வாக்கியம் கேட்கவேண்டியவர் காதில் விழும். 2025 பிப்ரவரியில் பிரதமர் தம் வானொலி உரையில், மாதந்தோறும் வாங்கும் எண்ணெயைப் பத்து விழுக்காடு குறைக்குமாறு கேட்டுக்கொண்டது மொழியியல் நோக்கில் சரியான விளி. அது உண்பவரை விட்டு வாங்குபவரிடம் பேசியது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இந்தியில் பரப்பிய ‘இன்றிலிருந்து கொஞ்சம் குறைவாக’ என்னும் முழக்கத்தில் வினையே இல்லை. யார் குறைப்பது என்னும் கேள்வி அதில் எழாததே அதன் வலிமையும் மென்மையும் ஆகும்.

‘வெல்னெஸ்’ பற்றி ஒன்று மட்டும். மைய அரசு நலத்திட்ட மருந்தகங்கள் அப்பெயரை ஏற்றபின்னும் மோதி பாக்கின் முதியோர் அவற்றை ‘டிஸ்பென்சரி’ என்று சொல்வதை விட்டுவிடக் காரணமில்லை. ‘ஆரோக்கியம்’ என்பது சொல்லமைப்பால் நோயின்மை. உலக நல நிறுவனத்தின் அமைப்புச் சாசனமோ நலம் என்பது நோயின்மை மட்டுமன்று என்கிறது. அவ்வரையறையை ‘ஆரோக்கியம்’ கொண்டு பெயர்த்தால், நோயின்மை என்பது நோயின்மை மட்டுமன்று என்றாகிவிடும். தமிழ்நாட்டு அரசுத் துறையின் பெயரிலுள்ள ‘நல்வாழ்வு’ இவ்விடரிலிருந்து தப்பிய நல்ல சொல். அதனை நலத்துக்கே வைத்துக்கொண்டு, ‘வெல்னெஸ்’ என்பதை அழகு நிலையங்களுக்கு விட்டுவிடுவது தகும்.

பள்ளிப் பலகைக்கு மீண்டால், அதன் தமிழ் வாசகத்துக்குப் புதிய கலைச்சொல் எதுவும் தேவையில்லை. ‘சர்க்கரை’ என்னும் சொல்லை அடுத்துச் ‘சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் சேர்த்து’ என்று ஒரு வரி எழுத இடம் விட்டால் போதும். மாணவர் பருகும் குளிர்பானத்தின் அளவைத் தேக்கரண்டியில் குறிப்பதும், பாட்டி பாயசத்தில் இடும் வெல்லத்தை அதே தேக்கரண்டியில் குறிப்பதும் ஒரே பலகையில் அமைய வேண்டும்.