மஞ்சாப் பாடல்கள்: புத்தளக் கரையில் கவனிக்கப்படாத ஓர் இசைமரபு

ஈழத்துத் தமிழ்ச் சூழலில் நாட்டார் இசைபற்றிப் பேசும்பொழுது மட்டக்களப்பும் மன்னாரும் மலையகமுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார்ப் பகுதிகளின் கூத்துக்களுக்குத் தேடித்தந்த மதிப்பு இதற்கொரு முக்கிய காரணமாகும். மன்னாருக்குத் தெற்கே நீளும் புத்தளக் கரையோ இவ்வரிசையில் அரிதாகவே இடம்பெறுகிறது. அக்கரையைச் சார்ந்து, தமிழல்லாத ஒரு மொழியில், மிகச் சிறிய சமூகமொன்று பாடிவரும் மஞ்சாப் பாடல்களைத் தமிழ் இரசிகர் பெரும்பாலும் கேட்டதேயில்லை. அவை வெறும் விநோதமல்ல. கேட்டுச் சுவைத்து மதிப்பிடத்தக்க இசை. தமிழ்த் திறனாய்வு பாடலை அளக்கப் பயன்படுத்தும் அளவுகோலையே அவை சோதனைக்கு உள்ளாக்குகின்றன என்பதே அவற்றின் தனிச்சிறப்பு.

இப்பாடல்களுக்கு உரியவர்கள் புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிரம்பியடியில் வாழும், ஆபிரிக்க வழிவந்த காப்பிரி மக்கள். இலங்கைக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையிலான தொடர்பு மிகப் பழையது. 1344இல் புத்தளத்தில் வந்திறங்கிய இபுனு பதூதா, கொழும்பில் ஏறத்தாழ 500 அபிசீனியரைக் கண்டதாகக் குறித்துள்ளார். ஆயினும், சிரம்பியடி மக்களின் முன்னோர் பிற்காலத்தில் போர்த்துக்கேயராலும் ஒல்லாந்தராலும் ஆங்கிலேயராலும் அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவரப்பட்டவர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் ஆபிரிக்கப் படைப்பிரிவு கலைக்கப்பட்டபின் அவ்வீரருட் சிலர் புத்தளத்தில் குடியமர்ந்தனர். அவர்கள் கத்தோலிக்கர், அவர்களிடையே வழங்கியது போர்த்துக்கேயக் கிரியோல் மொழி. இன்று அன்றாட வாழ்வில் அவர்கள் பேசுவது பெரும்பாலும் சிங்களமே. கிரியோல் பேச்சிலிருந்து மறைந்து, பாடலில் மட்டும் எஞ்சியுள்ளது.

மஞ்சாவின் அமைப்பு எளிமையானது. ஓரிரு அடிகளே கொண்ட சிறு பாட்டு மீண்டும் மீண்டும் கூட்டாகப் பாடப்படும். றபான், மேளம், கரண்டியால் தட்டப்படும் போத்தல், தேங்காய்ச் சிரட்டை, மரத்துண்டு முதலியன தாளம் தரும். காதல், கடல், பறவை, விலங்கு போன்ற சாதாரண பொருள்களே பாடுபொருள். பாட்டு மெதுவாகத் தொடங்குகிறது. படிப்படியாகக் கதி ஏறுகிறது. ஆட்டமும் கூடவே ஏறுகிறது. உச்சத்தை எட்டியதும் முடிந்துவிடுகிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று சொல்லால் விரியும் வளர்ச்சி இங்கில்லை. சொல் நிலைத்து நிற்கிறது, காலம் மாறுகிறது. முதற்றடவை சோகம்போல் ஒலித்த அதே அடி, இருபதாவது தடவை கொண்டாட்டமாக ஒலிக்கிறது. மாறியது பொருளன்று, வேகம். சொல்லைத் தொடாமலே உணர்ச்சியை மாற்றும் இத்திறனே மஞ்சாவின் கலை.

இதனை அந்நியமானதென்று ஒதுக்குவோர் அதே கரையிலுள்ள உடப்பைச் சற்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். கரைவலை இழுக்கும் தமிழ் மீனவரின் அம்பாப் பாடலில், பொருளற்ற அசைச்சொற்களே இழுவையின் மூச்சை ஒழுங்குபடுத்துகின்றன. வலை கரையை நெருங்க நெருங்கப் பாட்டின் கதியும் மாறுகிறது. அச்சிட்ட தொகுப்பில் அம்பாவைப் படிப்பவர், பாட்டின் பாதியை இழந்துவிடுகிறார். தொழிலை ஒழுங்குசெய்ய அம்பாவும், ஆட்டத்தை ஒழுங்குசெய்ய மஞ்சாவும் பிறந்தன எனலாம். இரண்டிலும் சொல் தாளத்தின் பணியாளே. சொல்லின் அழகையே முதன்மையாகக் கொண்டு நாட்டார் பாடலை மதிப்பிட்டுவந்த தமிழ்த் திறனாய்வு, இவ்விரண்டுக்கும் நியாயம் செய்யவில்லை.

இங்கு ஒரு கடினமான வினா எழுகிறது. பாடுவோரே முழுமையாகப் பேசாத மொழியில் அமைந்த பாடல் உயிருள்ளதா? மொழியிறந்த பாடல் வெறும் கூடு என்பது ஒரு வாதம். ஆனால் வடமொழி மந்திரத்தையும், தெலுங்குக் கீர்த்தனையையும் பொருளறியாது உருகிக் கேட்கும் சமூகம் இவ்வாதத்தை முன்வைப்பது பொருந்தாது. கிரியோல் சொற்கள் சிரம்பியடியில் செய்தியைச் சொல்வதைவிட, பாடுவோர் யார் என்பதைச் சொல்கின்றன. அந்த வகையில் அவை பொருள் இழந்தவையல்ல, பொருள் மாறியவை. ஆயினும் இழப்பு இழப்பே. புதிய அடிகளைக் கட்டும் ஆற்றல் மொழியோடு போய்விடுகிறது. புதிய பாட்டுப் பிறவாத மரபு, பழையதைப் பேணலாம், வளர்தல் அரிது.

மஞ்சாவின் உறவினர்கள் தமிழ் இரசிகருக்கு முன்பே அறிமுகமானவர்கள். பைலா என்ற சொல் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்தும், கஃப்ரிஞ்ஞா என்பது காப்பிரியர் பெயரிலிருந்தும் வந்தவை. திஸ்ர நடையை ஒத்த இத்துள்ளல் தாளத்தை 1940களில் வொலி பஸ்தியன்ஸ் சிங்களப் பாடலாக்கிப் பரப்பினார். பின்னர் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை அதே ஊற்றில் நீர் அள்ளியது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியவற்றுக்குத் தாளம் போட்ட தலைமுறை, அத்தாளத்தின் பழைய வீடொன்று புத்தளத்தில் இருப்பதை அறியவில்லை. பொப்பிசை அத்தாளத்திலிருந்து களிப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. மஞ்சாவிலோ களிப்புக்கு முன்னுள்ள அந்த மெதுவான தொடக்கமும் இருக்கிறது. அடிமையும் படைவீரனும் கடந்துவந்த தூரத்தை அத்தொடக்கத்தில் உணர இடமுண்டு.

இதனைக் கேட்க விரும்புவோருக்கு ஒரு வழி உண்டு. இலங்கைப் போர்த்துக்கேயப் பாடல்களை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹியூ நெவில் ஏட்டில் தொகுத்தார். ஆய்வாளர் கென்னத் டேவிட் ஜாக்சனின் முயற்சியால் 1998இல் போர்த்துக்கல்லில் ‘பைலா செய்லாவோ கஃப்ரிஞ்ஞா’ என்ற இசைத்தட்டு வெளிவந்தது. இலங்கைப் போர்த்துக்கேய இசைமரபை அறிய அது நல்ல வாயில். முதலில் மட்டக்களப்புப் பறங்கியரின் வயலினோடு கூடிய கஃப்ரிஞ்ஞாவையும், அடுத்துச் சிரம்பியடி மஞ்சாவையும், இறுதியில் பொப்பிசைப் பாடலொன்றையும் வரிசையாகக் கேட்பவருக்கு, ஒரு தாளம் வெவ்வேறு சமூகங்களில் எடுத்த வடிவங்கள் விளங்கும்.

மஞ்சாவுக்குக் குறைகளும் உண்டு. இராக விரிவை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். தனிக்குரலின் நுட்பத்துக்கும் அதில் இடம் குறைவு. மேடையில் மூன்று நிமிடத்துக்குச் சுருக்கினால், ஏறும் கதி என்ற அதன் உயிரே வெட்டுண்டு, வேகமான முடிவு மட்டும் எஞ்சும். இன்று இப்பாடல்களுக்குப் புறக்கணிப்பைவிட இத்தகைய அவசரப் பாராட்டே பெரிய ஆபத்து. ஆபிரிக்கக் காட்சியொன்றைக் கண்டோம் என்ற நிறைவோடு கைதட்டிக் கலைபவர்கள் அவற்றைக் கேட்டவர்களாகார்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் நாட்டார் வழக்காற்றைத் தமிழ்மொழியின் எல்லையோடு நிறுத்திவிடுவது வழக்கம். ஒரு கரையில் அயலாராக வாழ்வோரின் பாட்டையும், அக்கரையின் தமிழ்ப் பாட்டையும் அருகருகே வைத்து, முழு நீளத்தில் ஒலிப்பதிவு செய்து ஆராய்வது அத்துறைகளுக்கு இயலாத பணியன்று. அவ்வாறு செய்யின் மஞ்சா மட்டுமன்றி, அம்பாவும் முதன்முறையாகச் சரிவரக் கேட்கப்படும்.