அந்தி முகிலும் ஏரிக்கரையும்

ஆங்கில 'லேக்' என்னும் சொல்லுக்கு 'ஏரி' என எழுதி மேற்செல்வது தமிழ் மொழிபெயர்ப்பாளர் பலரின் வழக்கம். சரோஜினி நாயுடுவின் 'தி பேர்ட் ஆஃப் டைம்' (1912) தொகுப்பிலுள்ள 'உசேன் சாகர்' என்னும் சிறு கவிதை இவ்வழக்கை மறு ஆய்வுக்கு உட்படுத்துகின்றது.

இக்கவிதையில் ஏரி, பலர் விழையும் பெண். விடியல் அவளை நயந்து வருகின்றது; அந்தி முகில்கள் அவள் அழகில் மயங்கித் தங்குகின்றன; அவளோ காற்று ஒன்றற்கே இசைகின்றாள். முடிவில் ஏரி கவிஞரின் உள்ளத்திற்கு உவமையாகின்றது. இச்சித்திரத்தில் கரை இல்லை, மதகும் இல்லை. ஆனால் உசேன் சாகர், 16ஆம் நூற்றாண்டில் குதுப்ஷாகி ஆட்சியில் கரை எழுப்பி உருவாக்கப்பட்ட நீர்நிலை. அக்கரைமேல் செல்லும் சாலையை ஐதராபாத்தினர் இன்றும் 'டாங்க் பண்ட்' என்றே வழங்குகின்றனர். சாலைக்கு அது 'டாங்க்', கவிதைக்கு 'லேக்', பெயரிலோ கடல்!

இது ஒருவரின் தனிப் போக்கன்று. புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் முட்டா ஆற்றைத் தடுத்து 19ஆம் நூற்றாண்டில் எழுந்த நீர்த்தேக்கத்திற்கு ஆங்கிலேயர், அணையை வடிவமைத்த பொறியாளரின் பெயரால் 'லேக் ஃபைஃப்' எனப் பெயரிட்டனர். மராத்தி வழக்கில் அது 'தரண்', அதாவது அணை. ஆங்கிலப் பெயரில் அணை மறைந்து நீர்ப்பரப்பு மட்டும் எஞ்சுகின்றது. ஆங்கிலப் பறவைகளை விடுத்து இந்திய நிலத்தைப் பாடுமாறு தாம் சரோஜினிக்கு அறிவுரை கூறியதை எட்மண்ட் காஸ் அத்தொகுப்பின் முன்னுரையில் குறிப்பிடுகின்றார். நிலம் மாறியது, நீரைப் பார்க்கும் பார்வை மாறவில்லை.

தமிழாக்கத்தில் இச்சிக்கல் கூர்மையடைகின்றது. 'பொய்கை' என்பதற்கு மானிடர் ஆக்காத நீர்நிலை என்பது உரைமரபு. அச்சொல் கவிதையின் மயக்கத்திற்குப் பொருந்தும். உசேன் சாகருக்குப் பொருந்தாது. 'ஏரி' என்றாலோ கரையும் மதகும் கலிங்கும் ஆயக்கட்டும் உடன் வந்துவிடும். 'ஏரியே' என்னும் விளியில் காதற்குழைவு குறைவு என்பதும் உண்மையே. எனினும் 'ஏரி' என்பதே தகும். கவிதை மறைத்த கரையைத் தமிழ்ச் சொல் தானே காட்டிவிடுகின்றது. அவ்விடறலைத் தவிர்க்கும் மொழிபெயர்ப்பு, மூலத்தின் மறைப்பையே மீண்டும் செய்வதாகும்.

பொழுதுச் சொல்லில் நிலை வேறு. 'மாலை' என்றால் முல்லைத் திணையின் சிறுபொழுது நினைவிற்கு வரும். பிரிந்த தலைவனுக்காகக் காத்திருக்கும் தலைவியும் வருவாள். இக்கவிதையில் அத்தகைய காத்திருப்பு இல்லை. நயந்து வருவோரே ஏங்குகின்றனர். 'அந்தி'யோ நிறத்தை முன்னிறுத்தும் சொல். சிவனை 'அந்திவண்ணன்' எனப் பாடிய மரபில் அது செம்மையைச் சுட்டுகின்றது. வெள்ளிநிற நீருக்குள் ஊதாவும் ரோசாவும் மறைந்திருப்பதாகக் கூறும் கவிதைக்கு 'மாலை மேகம்' போதாது. 'அந்தி முகில்' என்பதே பொருந்தும்.