நெடுந்தீவு: சில்லு எட்டும் தூரம்

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்களிடம் நெடுந்தீவைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று சொல்லாதவர் இல்லை. கல்வேலி, குதிரை, பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை என்று பட்டியல் ஓடும். அதில் எதையெல்லாம் சக்கர நாற்காலியில் இருப்பவர் போய்ப் பார்க்கலாம் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. போரில் காலை இழந்தவர்களும் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களும் இத்தனை பேர் வாழும் மாகாணத்தில் இது சின்ன விடுபடல் அல்ல.

நிலத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம். ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளம், ஆறு கிலோமீற்றர் அகலம். மலையில்லை, குன்றில்லை, மூச்சு வாங்கும் ஏற்றம் ஒன்றுகூட இல்லை. வாகன நெரிசலும் கிடையாது. உள்ளூர் ஒழுங்கைகளில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவது யாழ் நகரக் கடைத்தெருவில் தள்ளுவதைவிட எவ்வளவோ மேல்.

ஒழுங்கைகளின் இருபுறமும் கல்வேலி. சாந்து பூசாமல், முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலி. வாகனத்தில் விரைபவர்களுக்கு அது வெறும் சாம்பல் நிறக் கோடு. நாற்காலியின் உயரத்தில், ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சி கட்டிய அறைகள் தெரியும்: சிலவற்றில் நட்சத்திரப் புள்ளிகள், சிலவற்றில் மூளைமடிப்புப் போன்ற வளைவுகள். இந்தத் தீவில் பார்க்கத் தகுந்தவற்றுள் முதலிடம் இதற்குத்தான் என்பேன். நுழைவுச்சீட்டு இல்லை, படி இல்லை. கோட்டைக்குக் கிடைக்கும் புகழ் இதற்குக் கிடைக்காதது அநியாயம்.

கோட்டை அப்படியல்ல. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர்கள் இடிந்து, உதிர்ந்த கற்கள் காலடியில் கிடக்கின்றன. வெளியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதே உத்தமம். இடிபாட்டுக்குள் சீமெந்துப் பாதை போடச் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. எல்லா இடமும் எல்லாருக்கும் என்று பிடிவாதம் பிடித்தால் உள்ளதும் கெடும். புறா வளர்க்கக் கட்டிய பழைய புறாக்கூட்டைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்குமரத்தின் பொந்துக்குள் நாற்காலி நுழையாது, ஆனால் அதன் பருமன் வெளியிலிருந்தே தெரிகிறது. வளர்ந்துகொண்டே போவதாக நம்பப்படும் ‘வளரும் கல்’லை விட்டாலும் பாதகமில்லை.

குதிரைகளைப் பார்க்க வாகனத்தை விட்டு இறங்கவே தேவையில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்லப்படும் அந்தக் கட்டைக்குதிரைகள் வெளியான புல்வெளியில் மேய்கின்றன. எட்டி நின்று பார்ப்பதே அவற்றுக்கும் நல்லது. கோடையில் தண்ணீரில்லாமல் அவை தவிக்கும். மாரி முடிந்து புல் பச்சையாக இருக்கும்போது போவதே சரி. அப்போது சோளகக் காற்றும் தொடங்கியிராது, கடலும் அடங்கியிருக்கும்.

சாப்பாட்டில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். கடைகள் சில, அவற்றில் வாசற்படி ஏறாமல் நுழையக்கூடியவை அதிலும் சில. முதல்நாளே சொல்லிவைத்தால் வீடுகளில் நண்டுக்கறியும் கணவாயுமாகச் சமைத்துத் தருவார்கள். மாபிள் பதித்து மூன்று படி கட்டிய கடையைவிட, மண்தரையில் கிடுகு வேய்ந்த கொட்டில் நாற்காலிக்காரருக்கு வசதியானது. புதிதாகக் கடை போடுகிறவர்கள் இதைக் கவனித்தால் செலவும் மிச்சம்.

மலசலகூடம்தான் வயிற்றைக் கலக்கும் விஷயம். ஒடுங்கிய கதவு, உயர்ந்த படி, குந்தியிருக்கும் இருக்கை. இதற்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் பயணம் போகிறவர்கள் மாற்றுத்திறனாளிகளில் ஏராளம். நிழல் குறைந்த ஒரு தீவில், உச்சி வெயிலில், இது வசதிக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோகக்கூடியதல்ல. உடம்புக்கு ஆபத்து.

இத்தனைக்கும் முன்னால் நிற்பது இறங்குதுறை. பண்ணைத் தாம்போதியும் வாணர் தாம்போதியும் கடந்து குறிகட்டுவான் வரை சில்லு தடையின்றி உருளும். அங்கே முடிந்தது. ஆடும் படகின் விளிம்பில் காலை வைத்து, படகுக்காரர் நீட்டும் கையைப் பிடித்து இறங்க வேண்டும். நடக்க முடியாதவரை இரண்டு பேர் தூக்குவார்கள். மனமுவந்துதான் தூக்குகிறார்கள், ஆனால் தூக்கப்படுகிறவர் ஒரு மூட்டையாகிவிடுகிறார், கைதவறினால் கீழே கடல். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடந்து மாவலித் துறையில் மறுபடியும் அதே கூத்து.

கடல் அப்படி, என்ன செய்வது என்பார்கள். அந்த வாதம் நிற்காது. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. ஸ்கொட்லாந்தின் ஸ்கை தீவுப் பக்கம் அது நான்கைந்து மீற்றர். அங்கே வாகனத்தோடு ஆளை உருட்டிக் கப்பலேற்றுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் இடையில் ஓடும் ‘பாதை’ என்ற மிதவையில் மோட்டார் சைக்கிள் உருண்டே ஏறுகிறது. நெடுந்தீவின் திறந்த கடலுக்கு அந்தத் தட்டை மிதவை ஒத்துவராது என்பது உண்மை. ஆனால் மிதக்கும் மேடை, அதிலிருந்து படகுக்கு ஒரு சாய்தளம் என்ற யோசனை ஒத்துவரும்.

சட்டமும் இல்லாமலில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம், 2006இன் அணுகுவசதி ஒழுங்குவிதிகள், 2011இல் உயர் நீதிமன்றத்தின் உத்தரவு, 2016இல் அவர்களுக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்றது என்று காகிதம் நிறைய இருக்கிறது. அணுகுவசதி சுற்றுலாக்காரருக்கான சலுகை என்று நினைப்பதுதான் எல்லாவற்றையும் பிந்தவைக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போகும் நோயாளியும், நிறைமாதப் பெண்ணும், கோலூன்றிய முதியவரும் அதே விளிம்பில்தான் கால்வைக்கிறார்கள். அதே குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் போகும் அடியார் கூட்டத்தில் முதியவர்கள் எத்தனை பேர்!

ஆகவே, இன்றைய நிலையில் சக்கர நாற்காலியில் இருப்பவர் தனியே நெடுந்தீவுக்குப் போகக் கூடாது. உடல்வலுவுள்ள இருவர் துணையிருந்தால், காற்றில்லாத மாதத்தில், மலசலகூட வசதியை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போகலாம். கல்வேலிக்காக மட்டுமே போனாலும் தகும். தீவை அழகுபடுத்தப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெயர்ப்பலகையும் செல்பி மேடையும் பிறகு வைக்கலாம். முதல் ரூபாய் இரண்டு இறங்குதுறைகளுக்கும் போகட்டும், இரண்டாவது அகலக் கதவுள்ள ஒரு மலசலகூடத்துக்கு.