பெட்ரோல் பங்க்கில் ஒரு பெரிய மனிதர்

காலித் ஹொசைனியின் 'தி கைட் ரன்னர்' (2003) நாவலைப் படித்தவர்கள் அநேகமாக எல்லோரும் பட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சிறு பிராயத்துத் துரோகம், பிற்காலத்தில் அதற்குத் தேடும் பிராயச்சித்தம். கதை அதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாவலின் உயர்ந்த பகுதி என்று எனக்குப் படுவது வேறு. காபூலில் மாளிகை கட்டி வாழ்ந்த பாபா, மகன் அமீரோடு அமெரிக்காவுக்கு அகதியாக வந்து, ஃப்ரீமாண்ட் ஊரில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலைக்கு நிற்கிறாரே, அந்தப் பக்கங்கள்தான்.

1979 கடைசியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்த பிறகு, வீடு வாசலை விட்டுக் கிளம்பிய லட்சோப லட்சம் பேரில் பாபாவும் ஒருவர். வேலை கிடைத்ததும், சர்க்கார் கொடுத்த உணவுக் கூப்பன்களைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். காபூலில் அநாதை விடுதி கட்டிய கை அது, ஏந்தக் கூசுகிறது. ஜெனரல் தாஹேரி இதற்கு நேர் எதிர். தம் அந்தஸ்துக்குத் தகுந்த உத்தியோகம் இல்லை என்று சர்க்கார் உதவித்தொகையில் ஜீவனம் செய்துகொண்டு, தாய்நாடு தம்மைத் திரும்ப அழைக்கும் நாளுக்குக் காத்திருக்கிறார். ஆசிரியர் அவரை வில்லனாக்கிவிடவில்லை. அந்த நிதானம் பாராட்டத்தக்கது.

ஜெனரலின் மகள் ஸொராயா உபாத்தியாயினி ஆக ஆசைப்படுகிறாள். தகப்பனாருக்கு அது இளப்பம். சிறுமியாக இருந்தபோதே வேலைக்காரிக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவள் அவள். அமீரோ, படிக்கத் தெரியாத ஹஸனிடம் ஒரு சொல்லுக்குத் தப்பர்த்தம் சொல்லி உள்ளூரச் சிரித்தவன். தன் படிப்பைப் பங்கிட்டுக்கொண்டவள் ஒருத்தி. அதையே கேலிக்கு ஆயுதமாக்கியவன் ஒருவன். கதையின் பாவபுண்ணியக் கணக்கு இங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது என்று சொல்லலாம்.

குறையும் உண்டு. பாபா மீண்டு எழுந்ததை முழுவதும் அவருடைய மனத்திண்மையின் கணக்கிலேயே ஆசிரியர் வரவு வைக்கிறார். உழைக்க அவரை அனுமதித்த சட்டமும், மகனைச் சேர்த்துக்கொண்ட பள்ளிக்கூடமும் அதில் இடம் பெறவில்லை. ஹொசைனியும் 1980-ல் அமெரிக்காவுக்குப் போய், படித்து டாக்டரானவர். பிற்பாடு தம் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையும் நிறுவினார். தமக்குத் திறந்த கதவு அவர் கண்ணில் படாமல் போனது ஆச்சரியமில்லை. ஆனால் ஆப்கன் அகதிகளில் மிகப் பெரும்பாலோர் தங்கியது பாகிஸ்தானிலும் ஈரானிலும். பெஷாவரை நாவல் அவசரமாகக் கடந்துவிடுகிறது. கம்பளம் நெய்யத் தெரிந்தவனுக்குத் தறி போட முதல் வேண்டும். தையல் பழகியவளுக்குத் தன் பெயரில் கடை வைக்க உரிமை வேண்டும். டாக்டர் வாங்கிய பட்டம் போன இடத்தில் செல்லுபடியாக வேண்டும். இவையில்லாத இடத்தில் பாபாவின் ரோஷம் மட்டும் சோறு போடாது.

2023-லிருந்து பாகிஸ்தான் பெருவாரியான ஆப்கானியரைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. அவர்கள் போய்ச் சேர்ந்த நாட்டிலோ, தாலிபான் 2021-லேயே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளியை மூடிவிட்டது; 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தையும் மூடியது. பெஷாவரில் ஏழாவது படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அங்கே எட்டாவது இல்லை. ஸொராயாவைப் படைத்த பேனா அவளைப் பற்றியும் எழுதியிருக்கலாம் என்பதுதான் என் குறை.