முதல் அளவுகோல் எங்கிருந்து வந்தது?

அளவுகோலை வைத்து நேர்கோடு வரைகிறீர்கள். அந்த அளவுகோலின் விளிம்பு நேரானது என்பதற்கு என்ன சான்று? வேறோர் அளவுகோலைக் கொண்டு அதைச் செய்தார்கள் என்றால், முதல் அளவுகோல் எங்கிருந்து வந்தது? கவராயத்துக்கு இத்தொல்லை இல்லை. வட்டம் வரைய, முன்னதாகவே ஒரு வட்டம் கையில் இருக்கவேண்டியதில்லை.

இக்கேள்வியை எழுப்புவது ஆல்பிரட் பிரே கெம்பேயின் ‘நேர்கோடு வரைவது எப்படி?’ என்னும் சிறு ஆங்கில நூல். தொழிலால் வழக்கறிஞரான கெம்பே 1876-இல் லண்டனில் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவு, 1877-இல் நூலாயிற்று. மாணவர்கள் இன்றும் படிக்கத்தக்கது. ஆனால் ஒரு குறையும் உடையது.

இது வெறும் கணித விளையாட்டன்று. நீராவி எந்திரத்தின் உந்துதண்டு நேராக ஏறி இறங்கவேண்டும்; அது இயக்கும் துலாக்கட்டையின் முனையோ வட்டவில்லில் அசையும். இரண்டையும் இணைக்க ஜேம்ஸ் வாட் 1784-இல் மூன்று கோல்களாலான இணைப்பை அமைத்தார். அது தந்தது ஏறத்தாழ நேரான கோடே. பிழையற்ற நேர்கோட்டைத் தரும் ஏழு கோல் இணைப்பை 1864-இல் பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் போசெலியே கண்டார்.

நீங்களே செய்து பார்க்கலாம். தடித்த அட்டையில், துளைக்குத் துளை 20 செ.மீ. உள்ள பட்டைகள் இரண்டு, 8 செ.மீ. நான்கு, 7 செ.மீ. ஒன்று வெட்டுங்கள். 8 செ.மீ. பட்டைகளைச் சாய்சதுரமாக இணையுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டில் நீண்ட பட்டைகளைப் பொருத்தி, அவற்றின் மறுமுனைகளை ஒரே ஆணியால் பலகையில் அறையுங்கள். மற்ற இரு மூலைகளில் அவ்வாணிக்கு அருகிலுள்ளதில் 7 செ.மீ. பட்டையை இணைத்து, அதன் மறுமுனையை முதல் ஆணியிலிருந்து 7 செ.மீ. தள்ளி அறையுங்கள். எஞ்சிய மூலையில் பென்சிலைச் செருகி அசைத்தால் நேர்கோடு விழும்.

கேள்வியைக் கூர்மையாகக் கேட்பது நூலின் சிறப்பு. விடையைக் கோலிணைப்புகளிலேயே தேடுவது அதன் குறை. பட்டறைகளெல்லாம் போசெலியேயின் வழியைப் பின்பற்றின என்று வாசகர் எண்ணிவிடக்கூடும். நடந்தது வேறு. ஏழு கோல்களும் அளவு தவறக்கூடாது. ஒவ்வொரு மூட்டின் தளர்ச்சியும் பென்சில் முனையில் வந்து சேரும். ஆகவே பொறியாளர்கள் தட்டையான வழிகாட்டிச் சட்டங்களையே பெரிதும் நாடினர்.

தட்டையை எப்படிப் பெற்றனர்? 1840-இல் ஜோசப் விட்வொர்த் விளக்கிய முறையில், மூன்று இரும்புத் தகடுகளை மாறிமாறி ஒப்பிட்டு மேடுகளைச் சுரண்டுவர். தகடு இரண்டே என்றால், ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் பொருந்திவிடலாம். மூன்றும் தம்முள் பொருந்தினால் தட்டையாகத்தான் இருக்கவேண்டும்.

இத்தகைய அறிவைக் காண இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத்துக்குப் பேர்போனது கள்ளக்குறிச்சி. அங்கே பட்டறையொன்றில் நின்று பாருங்கள். இழைத்த சட்டத்தைத் தச்சர் ஒரு கண்ணை மூடி நீளவாட்டில் நோக்குவார். ஒளியின் பாதையே அவருக்கு அளவுகோல். நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போடுவார். இழுவிசை கோட்டை நேராக்குகிறது. கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையின் பாசனப் பகுதியில் திருகு மதகைக் கண்டால் நில்லுங்கள். கைப்பிடி சுழல்கிறது, காடிகளுக்கிடையே பலகை நேராக உயர்கிறது.

பாடநூல்கள் பெரும்பாலும் நேர்கோட்டு இயக்கத்தைச் சமன்பாட்டில் தொடங்குகின்றன. கோடு எப்படிக் கிடைத்தது என்று கேட்பதில்லை. அதனால் தச்சரின் அறிவும் அறிவியலே என்பது மாணவருக்குத் தெரியாமல் போகிறது. கெம்பேயைப் படியுங்கள்; பட்டறையையும் பாருங்கள்.

முதலில் உங்கள் அளவுகோலைச் சோதியுங்கள். இரு புள்ளிகளை இணைத்துக் கோடு வரையுங்கள். அளவுகோலை அரைச்சுற்றுத் திருப்பி, அதே விளிம்பைக் கோட்டின் மறுபக்கத்திலிருந்து வைத்து மீண்டும் வரையுங்கள். இரு கோடுகளுக்கிடையே இடைவெளி தெரிந்தால், விளிம்பு நேரானதன்று.