ஆசாரக்கோவையின் வித்தும் வீடும்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் திருக்குறளும் நாலடியாரும் பெற்ற பயிற்சியை ஆசாரக்கோவை பெற்றிலது. பெருவாயின் முள்ளியார் என்னும் புலவர் சிவபெருமானை ஏத்தி, முனிவர் நூல்களில் தாம் அறிந்த ஒழுக்கங்களைத் தொகுத்து இதனை இயற்றினார் என்பது பாயிரத்தாற் பெறப்படும். துயிலெழுதல், நீராடல், உண்டல், உறங்கல் என்பவற்றுக்கு விதி கூறும் இந்நூறு வெண்பாக்களும் வெறும் சடங்குத் தொகுதி என்று இகழ்வார் ஒரு சாரார். முன்னோர் மொழிந்தனவாதலின் அனைத்தும் கொள்ளத்தக்கன என்று போற்றுவார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் நூலின் முதற்செய்யுளையும் இறுதிச் செய்யுளையும் இணைத்து நோக்கினாரல்லர்.

முதற்செய்யுள் ஆசாரத்துக்கு வித்தாவன எட்டு என்கின்றது. நன்றி மறவாமை, பொறுமை, இனிய சொல், எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமை, கல்வி, ஒப்புரவு, அறிவு, நல்லாரோடு கூடும் நட்பு என்பன அவை. இவற்றுள் நீராட்டும் இல்லை, திசையும் இல்லை, நாளும் இல்லை. எட்டும் உள்ளத்தின் பண்புகள். வித்து இவையாயின், பின்வரும் விதிகள் இவற்றினின்று முளைத்தனவாதல் வேண்டும். முளைத்தனவா என ஆராய்தலே இந்நூலைக் கற்பார் கடன்.

அவ்வாறு ஆராயுமிடத்து, பல விதிகள் வித்துக்கு இயைந்தனவாகவே காணப்படுகின்றன. வைகறையில் எழுந்து அன்று செய்யத்தக்க அறத்தையும் பொருள் தேடும் வழியையும் சிந்தித்துத் தாய் தந்தையரைத் தொழுக என்பது ஒன்று. விருந்தினர், முதியோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோருக்கு உணவளித்த பின்னரே உண்க என்பது மற்றொன்று. வந்த விருந்தினருக்குச் சோறிடுதல் மட்டும் போதாது. முகமலர்ச்சியும் இன்சொல்லும் கால் கழுவ நீரும் அமர மணையும் படுக்கப் பாயும் வேண்டும் என்றும் புலவர் கூறுவர். ஒப்புரவு என்னும் பெரும்பண்பு ஒரு வீட்டின் திண்ணையில் எவ்வாறு செயலாகும் என்பதை இவை காட்டுகின்றன.

வள்ளுவர் ஒழுக்கமுடைமைக்கு வகுத்த பத்துக் குறள்களிலும் இத்தகைய விதி ஒன்றேனும் இல்லை. ஒழுக்கத்தின் மேன்மையையும் அதன் இழப்பால் வரும் இழிவையும் கூறி, செயலை அவர் கற்போர் அறிவுக்கே விட்டுவிடுகின்றார். முள்ளியாரோ நாள் முழுதும் உடன் நடந்து கைபிடித்துக் காட்டுகின்றார். கிழக்கு நோக்கி உண்க என்பன போன்றவற்றால் நன்மை பெரிதின்றேனும், பிறருக்குத் தீங்கும் இல்லை.

இறுதிச் செய்யுள் வியப்புக்குரியது. ஆசாரத்தினின்று வீடு பெற்றார், அஃதாவது அதன் கட்டினின்று விடுபட்டார், ஒன்பதின்மர் என அது கூறும். அயல் நாட்டிலிருந்து வந்தவன், வறியோன், முதியோன், இளையோன், அஞ்சினவன், உண்டுகொண்டிருப்பவன், மணமகன் முதலியோர் அவருள் அடங்குவர். தொண்ணூற்றொன்பது செய்யுட்களில் விதியை அடுக்கிய புலவர், அவ்விதியைத் தாங்க இயலாதார் மீது அது சுமையாதல் கூடாது எனக் கண்டார். விதியினும் மனிதனே முதன்மையானவன் என்னும் கருத்து ஈண்டு வெளிப்படுகின்றது.

இவ்விரு செய்யுட்களையும் அளவுகோலாகக் கொண்டால் நூலின் குறையும் மறைவதில்லை. நீராட வேண்டிய பத்துச் சமயங்களுள் கீழ்மக்களைத் தீண்டியபோதும் ஒன்று என எண்ணப்படுகின்றது. ஒழுக்கத்தாற் கீழானோரே ஈண்டுக் குறிக்கப்பட்டனர் எனப் பொருள்கொள்ள முயலலாம். ஆயின், தீண்டுதலால் மாசு வரும் என்னும் கூற்று எவ்வாறு உரைப்பினும் ஒரு மனிதனை இழிவுபடுத்துவதேயாகும். எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமையும் இன்சொல்லும் வித்தாயின், அவ்வித்தினின்று இவ்விதி முளைத்தல் இயலாது. காலத்தின் வழக்கைப் புலவர் ஆராயாது ஏற்றுக்கொண்டார் என்றே கொள்ளல் வேண்டும்.

இது பழங்கதையன்று. சாதி காரணமாக மக்களை ஒதுக்குதலைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டில் இலங்கையில் நிறைவேறியது. அதன் பின்னரும், 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உள்ளே செல்ல உரிமை வேண்டி மக்கள் போராட நேர்ந்தது. அன்று வாயிலை அடைத்தோரும் ஆசாரத்தின் பெயராலேயே அடைத்தனர். எட்டு வித்துக்களையும் மறந்து ஒரு விதியை மட்டும் பற்றிக்கொள்வார்க்கு ஆசாரம் எத்துணைக் கொடுமைக்கும் கருவியாகும் என்பதற்கு இது சான்று.

ஆதலின் ஆசாரக்கோவையைப் புறக்கணித்தலும் தகாது. கண்மூடிக் கைக்கொள்ளலும் தகாது. தமக்கென ஒழுக்கநெறி வகுத்துக்கொள்ள விரும்பும் மாணவர், ஒவ்வொரு விதியையும் அந்நூலின் முதற்செய்யுளோடு ஒத்துநோக்கிக் கொள்ளுவன கொண்டு தள்ளுவன தள்ளுக. பிறர் மீது விதியை ஏற்றுமுன் இறுதிச் செய்யுளையும் ஒருமுறை படிப்பாராக.